உப்பு மூட்டை மேல் உட்கார்ந்த கரண்டி அண்ணாச்சி

சங்கரன்கோவிலில் ஊர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் நல்ல எண்ணத்தோடு, வியர்வை சிந்தி உழைத்து, ஊர் முழுக்க எதிரிகளைச் சம்பாதித்த மனிதர் எங்கள் தெரு கரண்டி அண்ணாச்சி ஒருவர்தான். அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் கரண்டி அண்ணாச்சிக்கு எதிர்வீட்டில் குடியிருக்கவில்லை.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது ரேஷன் கார்டோடு சரி. கல்யாணச் சமையல்காரரை எங்கள் பக்கம் தவசிப்பிள்ளை என்போம். அண்ணாச்சி அந்தத் தொழில். தன் உயரத்துக்கு ஒரு இரும்புக் கரண்டி வைத்திருப்பார். மொபெட்டில் போகும்போதும் அது தோளில் சாய்ந்திருக்கும். ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, "என்னய்யா இது, ஆயுதமா?" என்று கேட்டாராம். "ஆமா, சாப்பிட்டவன் எந்திரிக்க மாட்டான்" என்றாராம் இவர். அன்றிலிருந்து கரண்டி அண்ணாச்சி.

அவர் சாம்பாரைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. ஆனால் அண்ணாச்சி சாம்பார் இறக்கினால் வாசம் தெருமுனை வரை போகும், தறிக்காரன் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து நிற்பான். உப்பு பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. கரண்டி நுனியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கி, கண்ணை மூடுவார். "போதும்" என்பார். அவர் போதும் என்றால் போதும்தான். என் கல்யாணத்துக்கு அவர்தான் ஆக்கினார். அந்தக் கல்யாணத்தில் யாரும் குறை சொல்லாத ஒரே விஷயம் சாப்பாடுதான்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் ஒருநாள் மதினிக்கு, அதாவது அவர் வீட்டுக்காரிக்கு, கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரஷர் ஏகத்துக்கு இருக்கிறது, இப்படியே விட்டால் கிட்னிக்குக் கேடு, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மதினி லேசுப்பட்டவள் இல்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டில் நடந்த பேச்சு எங்கள் வீட்டு ஹால் வரைக்கும் கேட்டது.

"நீரு ஊருக்கெல்லாம் உப்பும் உறைப்புமா ஆக்கிப் போட்டுட்டு, இங்கன வந்து எம்முன்னால ஊறுகாயை நக்கிக்கிட்டு இருப்பீரு. நான் சப்புன்னு கஞ்சி குடிக்கணுமோ?"

"சரிட்டி. நானும் அதையே குடிக்கேன். போதுமா?"

வீறாப்பில் சொன்ன வார்த்தை. மனுஷன் அதைக் காப்பாற்றித் தொலைத்தார். வீட்டில் ஊறுகாய் போயிற்று, அப்பளம் போயிற்று, மோர் மிளகாய் போயிற்று, கருவாடு வாசலோடு திரும்பிப் போயிற்று. குழம்பில் உப்பு பாதியானது, பிறகு அதிலும் பாதியானது. மதினிக்குக் கால் வீக்கம் வடிந்தது. நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றது? அதோடு அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

குடியை விட்டவனும் பீடியை விட்டவனும் படுத்துகிற பாடு நமக்குத் தெரியும். உப்பைக் குறைத்தவன் அவர்களுக்கெல்லாம் பெரியப்பன். பஸ் ஸ்டாண்டு பக்கம் புரோட்டாக் கடையில் ஒருத்தன் நிம்மதியாகப் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, "அண்ணே, இன்னும் கொஞ்சம் சால்னா" என்று கேட்பான். அடுத்த பெஞ்சிலிருந்து அண்ணாச்சி எழுந்து வருவார். "வே, அது சால்னா இல்ல. கடல்தண்ணி. ஊத்தாதேயும்." புரோட்டா மாஸ்டர் கையில் மாவோடு ஓடிவருவார். டீக்கடையில் யாராவது காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்தால் போதும், பக்கத்தில் போய் நின்றுகொண்டு அவன் காலையே பார்ப்பார். "வீங்கியிருக்கா?" என்பார். ஆசையாகத் தின்ன வந்தவனுக்கு எப்படி இறங்கும்?

என் வீட்டுக்கும் வந்தார். நான் பழைய சோறும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தவர், ஊறுகாய் ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார். பேசிக்கொண்டே எழுந்தார். ஜாடியும் அவரோடு எழுந்தது. "அண்ணாச்சி, அது எங்க ஜாடி" என்றேன். "ஜாடி நாளைக்கு வரும். ஊறுகாய் வராது" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போய்விட்டார். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரி தடுக்காமல் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

பழமொழி சொல்லி மடக்கலாம் என்று பார்த்தேன். நம் முன்னோர்கள் முழுக்க உப்பின் கட்சிதானே. "அண்ணாச்சி, உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றேன். "பண்டம் குப்பைக்குப் போகட்டும் வே. மனுஷன் போகக் கூடாதுல்லா" என்றார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை?" என்றேன். "நெனைக்கத்தான் செய்தா. மாத்திரை போடும்போதெல்லாம் ஒங்க மதினி என்னையத்தான் நெனைக்கா" என்றார்.

இதெல்லாம் வாயோடு இருந்தவரை ஊர் சிரித்துவிட்டுப் போனது. ஆக்குப்புரைக்குள் வந்தபோதுதான் வினை முற்றியது. ஆக்குப்புரை என்றால் விசேஷத்துக்குச் சமையல் நடக்கிற கொட்டகை. பக்கத்துத் தெருவில் ஒரு தறி முதலாளி புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். முதல் பந்தியில் சாம்பார் விட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரசம் வந்ததும் வாயைத் திறந்துவிட்டார்கள். "உப்பு கொண்டா, உப்பு கொண்டா" என்று இலைக்கு இலை சத்தம். பரிமாறுகிறவர்கள் ஆக்குப்புரைக்கு ஓடினால், அண்ணாச்சி கல்லுப்பு மூட்டை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் கரண்டி.

"எந்திரிங்க அண்ணாச்சி, உப்பு கேக்காங்க."

"கேப்பாங்க. சாராயமுந்தான் கேப்பாங்க. குடுத்துருவியா?"

கடைசியில் முதலாளியும் அவர் தம்பிமாரும் சேர்ந்து அண்ணாச்சியை மூட்டையோடு தூக்கி வெளியே வைத்தார்கள். வெளியிலும் அவர் எழுந்திருக்கவில்லை. பந்தி முடியும்வரை அதன்மேலேயே இருந்தார்.

விஷயம் என்னவென்றால், அவர் வீம்புக்குச் செய்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பாதிதான் வீம்பு. மீதிப் பாதியை யாரும் கவனிக்கவில்லை. வீட்டில் மதினியோடு சேர்ந்து தின்று தின்று அந்த மனுஷனுக்கு நாக்கே மாறிவிட்டது. பழைய வழக்கப்படி உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்குவார். நமக்குச் சப்பென்று இருப்பது அவருக்குக் கரிக்கும். "போதும்" என்பார். இது அவருக்கே தெரியாது. யாராவது சொன்னால் அடிக்க வருவார். "நாக்கு கெட்டுப்போனது ஒங்களுக்கு. எனக்கு இப்பத்தான் வெளங்கியிருக்கு" என்பார்.

ஊர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. கல்யாண மாதம் ஒன்று முழுசாகப் போயிற்று, கரண்டி வாசல் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. அவர் அதைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில்தான் எங்கள் மகள் கோமதிக்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை அமைந்தது. வயலும் கிணறும் உள்ள குடும்பம், பையன் ஆபீஸ் உத்தியோகம். நிச்சயதார்த்தம் பெண் வீட்டில். என் வீட்டுக்காரி, "எதிர்வீட்டு அண்ணாச்சியே ஆக்கட்டும்" என்றாள்.

"ஏட்டி, ஒனக்கு மக வாழ்க்கை வேண்டாமா?"

"மதினி எங்கிட்ட வந்து அழுதுட்டுப் போயிருக்கா. அடுப்படியைப் பார்க்காம அந்த மனுஷன் ராத்திரி தூங்க மாட்டேங்காராம். நம்ம கூப்பிடலைன்னா வேற யாரு கூப்பிடுவா?"

சரி என்றேன், ஆனால் சும்மா விடவில்லை. அண்ணாச்சியைக் கோவிலுக்குக் கூட்டிப்போய் கோமதி அம்மன் சந்நிதியில் நிறுத்தினேன். "குழம்புல உப்பு குறையாதுன்னு சத்தியம் பண்ணுங்க" என்றேன். முறைத்தார். பிறகு, "நம்ம பிள்ளை விசேஷம் வே இது. நான் குறை வைப்பேனா? குறையாது. ஆனா இலையோரத்துல தனியா உப்பு வைக்கக் கூடாது. அது என் கைக்கு அவமானம்" என்றார். எங்கள் பக்கம் இலை போட்டதும் முதலில் ஓரத்தில் உப்புதான் வைப்பார்கள். போகட்டும், குழம்பில் இருந்தால் சரி என்று நானும் தலையாட்டினேன்.

அன்றைக்கு என் மச்சினனை ஆக்குப்புரையில் காவலுக்கு நிறுத்தினேன். "அவர் உப்புப் போடுததை நீ கண்ணால பார்க்கணும்" என்றேன். அவனும் பார்த்தான். ஓடிவந்து, "அத்தான், போட்டாச்சு. நான் பார்த்தேன். கை நிறைய அள்ளிப் போட்டாரு. ருசி பார்த்துட்டு அவருக்குக் கண்ணே கலங்கிட்டு. 'ஒங்க அத்தானுக்காக இப்படிக் கரிக்கக் கரிக்க ஆக்கவேண்டியிருக்கு'ன்னாரு" என்றான். நானும் நிம்மதியாகச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அண்டா சாம்பாருக்கு எத்தனை கை போடவேண்டும் என்று என் மச்சினனுக்கு எப்படித் தெரியும்? அவன் செல்போன் கடை வைத்திருக்கிறான்.

தட்டு மாற்றினார்கள், பூ வைத்தார்கள், எல்லாம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தார்கள். பையனின் தாய்மாமன் நடுவில். மீசையும் துண்டும் குரலும் பெரிதாக உள்ள மனிதர். பருப்பில் நெய் விட்டு ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். சாம்பாரை வாங்கினார். அவியலைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, தூத்துக்குடி ஒங்களுக்குப் பக்கமா எங்களுக்குப் பக்கமா?"

"பக்கந்தான், ஏன் கேக்கீய?"

"உப்புக்குப் பஞ்சம் வந்திருக்கேன்னு கேட்டேன். இல்ல, உப்புப் போட்டுச் சோறு திங்காதவங்கன்னு எங்களை நெனைச்சிட்டீயளா?"

அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் அர்த்தம் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வரிசை முழுக்கக் கை நின்றுவிட்டது. நான் ஏதோ குழறுவதற்குள் ஆக்குப்புரையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார் நம் ஆள். "கரிக்குன்னு நானே பயந்துகிட்டு இருக்கேன், உப்பு இல்லங்கீயளா?" என்றார். தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இலையை விட்டு எழுந்துவிட்டார். பந்தியில் பாதியில் எழுந்தால், மாற்றின தட்டைத் திருப்பிக் கேட்கிற மாதிரிதான். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். உள்ளே கதவுக்குப் பின்னால் கோமதியின் முகம் தெரிந்தது. பூ வைத்த தலையோடு அந்தப் பிள்ளை நின்ற நிலையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சியை அவர் கரண்டியாலேயே ஒரு போடு போட வேண்டும் என்றும் வந்தது.

"ஏலே, உக்காரு."

சொன்னது எதிர் வரிசையில் இருந்த பையனின் அம்மா. தாய்மாமனுக்கு அக்கா. அவள் இலையில் சோறு இல்லை, வழித்துத் தின்றிருந்தாள். பரிமாறுகிற பையனைப் பார்த்து, "எனக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வையி. சாம்பாரு விடு" என்றாள்.

"யக்கா, இதுல உப்பே இல்லையே."

"உப்பு இருக்கதுனாலதான் இதுக்கு முன்னால மூணு விசேஷ வீட்டு விருந்துல பட்டினியா எந்திரிச்சு வந்தேன். எனக்குப் பிரஷரு. எங்கன போனாலும் வெறுஞ் சோத்துல மோரை ஊத்தித் தின்னுட்டு, வயிறு நிறைஞ்சிட்டுன்னு பொய் சொல்லுவேன். இன்னைக்குத்தான்லே விசேஷ வீட்டுல சாம்பாரு தொடுதேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேக்கா."

"ஒங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. சீக்காளி மாமியாருன்னு பொண்ணு வீட்டுக்காரங்க யோசிப்பாங்கல்லா. அதான் சொல்லல." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப சொல்லிட்டேன். யோசிக்கதுன்னா யோசிச்சுக்கோங்க."

எனக்கு முந்திக்கொண்டு என் வீட்டுக்காரி வந்தாள். அவள் நேராகப் போய்ச் சம்பந்தியம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "என்ன யோசனை சம்பந்தியம்மா? எங்க வீட்டுலயும் ஒரு ஆளு இருக்காரு. தன் கடைக் கல்லாவுக்குள்ள பிரஷர் மாத்திரையை ஒளிச்சு வச்சிக்கிட்டு, வீட்டுல வந்து ஊறுகாய் கேக்காரு. எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு" என்றாள். பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. தாய்மாமன் கூடச் சிரித்துவிட்டார். சிரித்தபடியே உட்கார்ந்தார். எழுந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அடுத்த நிமிஷம் என் மச்சினன் தெருமுனை மளிகைக் கடையிலிருந்து உப்புப் பாக்கெட்டோடு ஓடிவந்து, வேண்டியவர்களுக்கு இலையோரத்தில் வைத்தான். கோமதி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, தன் மாமியாருக்குத் தானே சோறு வைத்தாள்.

அண்ணாச்சி கரண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது. சாம்பார் வாளியைப் பரிமாறுகிறவனிடமிருந்து வாங்கி, சம்பந்தியம்மா இலைக்கு முன்னால் குனிந்து தானே விட்டார். மெதுவாகக் கேட்டார்.

"உப்பு எப்படியிருக்கு தாயி?"

அவள் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "லேசா கூடத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

"கேட்டீரா வே" என்று அவர் என்னைப் பார்த்துத் திரும்பிய திருப்பு இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

மறுநாள் மத்தியானமே வாசலில் தூக்குச்சட்டிச் சத்தம். "ஒமக்குப் பிரஷர்னு ஊருக்கே தெரிஞ்சாச்சு. இனிமே ஒளிக்கதுக்கு என்ன இருக்கு? தின்னும்" என்று ஒரு சட்டிக் குழம்பைக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து தினமும் வந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்திருப்பார், மிளகு தட்டிப் போட்டிருப்பார், மல்லித்தழை கிள்ளியிருப்பார், உப்பு மட்டும் இருக்காது. நான் திட்டிக்கொண்டே தின்பேன். அவர் நின்று பார்த்துவிட்டு, நான் திட்டுவதற்குப் பதிலும் திட்டிவிட்டுப் போவார். கோமதி கல்யாணத்துக்கும் அவர்தான் ஆக்கினார். இரண்டு அண்டா, இரண்டு வரிசை. உப்பு வேண்டாதவர்கள் வரிசையில் இடம் கிடைக்காமல் ஆட்கள் நின்றார்கள். அதற்குப் பிறகு ஊரில் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

போன வாரம் மதினிக்கு ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டியிருந்தது என்று அவளைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்குத் தன் மகள் வீட்டுக்குப் போனார். எனக்குக் கொண்டாட்டம். என் வீட்டுக்காரியும் இரங்கி, "ஒரு நாளைக்குத்தானே" என்று பழையபடி உப்புப் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள். பல நாள் ஆசை. சோற்றைப் பிசைந்து பெரிய உருண்டையாக ஒரு வாய் வைத்தேன்.

கரித்தது. வாயில் வைக்க முடியவில்லை. உப்பைத் தவிர குழம்பில் வேறு எதுவுமே தெரியவில்லை. பாவி மனுஷன், கேட்காமல் கொள்ளாமல் என் நாக்கையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். வந்த ஆத்திரத்தில் இடது கையால் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். வாய் நிறைய வைத்திருந்த வசவு, மணி அடிக்கிற நேரத்துக்குள் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, மதினிக்கு எப்படியிருக்கு?"

"நல்லா இருக்கா. என்ன வே, சாப்பிடுத நேரத்துல போனு?" என்றவர், தானே குரலைத் தாழ்த்தி, "கரிக்கோ?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அவர் சிரிப்பார், கேட்டீரா என்பார் என்று காத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "அதைத் தள்ளி வையும். இன்னைக்கு மோரை ஊத்திச் சாப்பிட்டுரும் தம்பி. நாளைக்கு நான் வந்துருதேன்" என்றார்.

தட்டை மாற்றி மோர் ஊற்றிக்கொண்டேன். எதிர்வீட்டு வாசல் பூட்டிக் கிடந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.